ஏரிக்கரையும் ஊர்க்காவலும்

ஏரி என்றவுடன் நம் மனக்கண் முன் முதலில் தோன்றுவது பரந்த நீர்ப்பரப்பு. அடுத்துத் தோன்றுவது அதன் கரை. பனைமரங்கள் வரிசையாக நிற்கும் உயர்ந்த மண்கரை. மதகும் கலங்கலும் அதன்பின் நினைவுக்கு வரும். ஏரியைப் பற்றிய நம் எண்ணம் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஏரிக்கு நாம் அதிகம் எண்ணிப் பாராத மற்றொரு கரையும் உண்டு. அந்தக் கரையைப் பற்றியும், அதை நம்பி வாழும் உயிர்களைப் பற்றியும், அவ்வுயிர்களைத் தம் பொறுப்பாகக் கொண்டு காத்துவந்த சில ஊர்களைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள்ளன. சமவெளியில் நம் முன்னோர் ஏரி அமைத்த முறை எளிமையானது. நிலம் ஒரு புறமாகச் சரியும் இடத்தைத் தேர்ந்து, தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் வளைந்த மண்கரை ஒன்றை எழுப்பினார்கள். மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் வரத்துக்கால்களின் வழியே ஓடிவந்து அக்கரையால் தடுக்கப்பட்டுத் தங்கிற்று. ஆகவே ஏரிக்குக் கட்டிய கரை ஒரு பக்கத்தில்தான் உண்டு. எதிர்ப்பக்கத்தில் யாரும் எதையும் கட்டவில்லை. அங்கே நிலம் மெல்ல மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்குகிறது. மழைக்காலத்தில் நீர் ஏறி அந்நிலத்தை மூடும். கோடையில் பின்வாங்கி அதை வெளிப்படுத்தும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் விளிம்புதான் இயற்கையின் கரை.

இவ்விளிம்பில் நீர் ஆழமாக இராது. கதிரவன் ஒளி அடித்தரை வரை செல்லும். ஆதலால் கோரையும் அல்லியும் தாமரையும் பாசியும் இங்கே செழிக்கின்றன. அவற்றை உண்டு நத்தையும் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. பெரிய மீன்களுக்கு அஞ்சிய மீன் குஞ்சுகள் இங்கேதான் ஒதுங்குகின்றன. தவளைகள் முட்டையிடுவதும் இங்கேதான். இத்தனை உணவு குவிந்து கிடக்கும் இடத்துக்குப் பறவைகள் வருவதில் வியப்பில்லை.

வருகின்ற பறவைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அழிந்து போகாமல் இருப்பதற்கும் இவ்விளிம்பின் சரிவே காரணம். கணுக்கால் அளவு நீரில் சின்னக் கொக்கு காலால் சேற்றைக் கலக்கி, கலங்கியோடும் மீன் குஞ்சைக் கொத்துகிறது. சேற்றோரத்தில் அரிவாள்மூக்கன் தன் வளைந்த அலகைச் செருகிப் புழுக்களைத் தேடுகிறது. சற்றே ஆழமான இடத்தில் கரண்டிவாயன் அலகை இருபுறமும் வீசி நீரை அரித்தெடுக்கிறது. நத்தைகுத்தி நாரை நத்தையை ஓட்டிலிருந்து பிரித்து உண்கிறது. நடு ஏரியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. கூழைக்கடா மிதந்து சென்று தன் பையலகால் மீனை அள்ளுகிறது. தாமரை இலைமேல் இலைக்கோழி நடந்து செல்கிறது. ஓர் ஏரியில் இத்தனை வகையினரும் பசியாறுவதற்கு, அங்கே ஆழமும் வேண்டும், ஆழமின்மையும் வேண்டும், செடியும் வேண்டும், சேறும் வேண்டும். நான்கு பக்கமும் கல் அடுக்கிச் செங்குத்தாக நிறுத்திய குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் இப்பறவைகளுள் பலவற்றுக்கு அங்கே நிற்கவும் இடமில்லை.

ஏரியின் உறுப்புகளுள் எளிதில் பறிபோவதும் இவ்விளிம்புதான். மண்கரை உடைந்தால் ஊரே கூடை மண்வெட்டியோடு ஓடும். எதிர்க்கரை அழிந்தால் ஒரு சத்தமும் கேட்பதில்லை. கோடையில் அது வெறும் தரையாகக் கிடக்கிறது. யாருக்கும் உரியதன்று போலத் தோன்றுகிறது. ஒருவர் ஓராண்டு அதில் பயிரிடுகிறார். அடுத்த ஆண்டு வேலி வருகிறது. பிறகு பாதை வருகிறது. பாதையைத் தொடர்ந்து வீடு வருகிறது. இவ்வாறு பல ஏரிகள் மண்கரை உறுதியாக இருக்கும்போதே சிறுத்துப் போயிருக்கின்றன. அப்படியானால் இந்த ஓசையற்ற கரைக்குக் காவல் யார்? சட்டமா? அதிகாரியா? ஊர் மக்களா? இக்கேள்விக்கு விடை தேட நாம் ஓர் ஊருக்குச் செல்வோம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது வேடந்தாங்கல். தொண்டை நாட்டில் தாங்கல் என்பது சிறிய பாசன ஏரியைக் குறிக்கும் சொல். வேடனின் பெயரைத் தாங்கிய ஏரி, எவரும் வேட்டையாடாத ஏரியாகப் புகழ் பெற்றிருப்பது கருதத்தக்கது. இந்த ஏரி பெரியதன்று. அதன் பரப்பு சுமார் 74 ஏக்கர்தான். இதைவிடப் பன்மடங்கு பெரிய மதுராந்தகம் ஏரி இதே வட்டாரத்தில் உள்ளது. ஆயினும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பறவைகள் கூடு கட்டுவதற்கு இச்சிறிய ஏரியைத் தேடி வருகின்றன.

ஏன் வருகின்றன? ஏரியின் நடுவே நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாத மரம் அது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்ததும் அம்மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவாகிவிடும். பூனையோ நரியோ நீரைக் கடந்து கூட்டை எட்டுவது கடினம். நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூழைக்கடாவும் ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் கூடு கட்டும். கார்த்திகை மார்கழியில் ஆரவாரம் தொடங்கும். பங்குனிக்குள் பெரும்பாலான குஞ்சுகள் சிறகு முற்றிப் பறந்துவிடும். அப்போது ஏரியிலும் நீர் வற்றத் தொடங்கும். மழை பொய்த்த ஆண்டில் மரத்தடியில் நீர் இராது. பறவைகளும் கூடு கட்ட விரும்புவதில்லை. மரமும் நீரும் ஒன்று சேர்ந்தால்தான் அது பறவைக்கு வீடாகும்.

இனி மக்கள் பக்கத்தைப் பார்ப்போம். ஆயிரக்கணக்கான பறவைகள் சுற்றுவட்டாரத்து நீர்நிலைகளில் இரை தேடி, இரவில் இங்கே வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. எச்சத்தில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. அந்த நீர் மதகின் வழியாக நெல்வயலுக்குப் பாய்கிறது. பல ஊர்களின் ஏரிகளில் இருந்த சத்தை மீனாகவும் நத்தையாகவும் சேகரித்து, தம் ஊர் ஏரியில் எருவாகக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையாட்கள் என்றே உழவர்கள் இப்பறவைகளைக் கருதினார்கள். வேடந்தாங்கல் நீர் பாய்ந்த வயலில் விளைச்சல் மிகும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை.

இங்கே அறிவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிய சத்து தேங்கிய நீரில் சேர்ந்தால் பாசி பெருகும், பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன்கள் இறக்கும். வேடந்தாங்கல் ஏரியோ தேங்கிக் கிடக்கும் குட்டை அன்று. அதன் நீர் வயலுக்குப் பாய்கிறது. கோடையில் ஏரி வற்றி அடிமண் வெயிலில் காய்கிறது. மறு ஆண்டு புதுமழை வந்து நிரப்புகிறது. எனவே எச்சம் சுமையாகாமல் செல்வமாகிறது. மனிதர் கை படாததால்தான் இயற்கை செழிக்கிறது என்று நாம் சில வேளை எண்ணுகிறோம். இந்த ஏரியைக் கட்டியவரும் மனிதரே. மதகைத் திறந்து மூடி நீரைப் பாய்ச்சும் உழவனும் இந்த இயற்கையின் ஓர் உறுப்பே.

இப்பறவைகளுக்கு ஊரார் அளித்த காவல் வெறும் பழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை, எழுத்திலும் ஏறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் படை வீரர்கள் சிலர் இங்கே பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் திரண்டு சென்று முறையிட்டதாகவும் சொல்லப்படுகிறது. அப்போது இப்பகுதியின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஏரியில் எவரும் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்னும் உரிமையை அவர் ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். அத்தகைய ஆவணத்துக்குக் கவுல் என்று பெயர். அவ்வுரிமையை ஊரார் 1858ஆம் ஆண்டில் மீண்டும் புதுப்பித்துப் பெற்றார்கள். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, பெரும்பாலும் உழவர்களைக் கொண்ட ஒரு சிற்றூர், தன் ஏரியின் பறவைகளுக்காக அரசிடம் எழுத்து மூலமான பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றது.

அதே 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மற்றொரு சட்டமும் பிறந்தது. குடிமராமத்து என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மழைக்கு முன்பு ஊரார் கூடி வரத்துக்காலைத் தூர் வாரி, கரையில் மண் இட்டு, மதகைச் செப்பனிடுவது அதன் முறை. ஊரார் அவ்வேலையில் தளர்ந்துவிட்டார்கள் என்று கண்ட அரசு, அதைக் கட்டாயமாக்கி ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் பல்லாண்டுகள் ஏட்டில் இருந்தும் பெரும்பயன் விளையவில்லை. வருவாயும் அதிகாரமும் கலெக்டர் அலுவலகத்துக்குச் சென்ற பின்னர், வேலையை மட்டும் ஊரிடம் விட்டுவைத்தால் அது எவ்வாறு நடக்கும்?

ஒரே ஆண்டில் தோன்றிய இந்த இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று, ஊரார் தாமே செய்ய விரும்பிய காவலுக்கு அரசு தந்த ஒப்புதல். அது நிலைத்தது. மற்றொன்று, ஊரார் மேல் மேலிருந்து சுமத்திய கடமை. அது நிலைக்கவில்லை. நீர்நிலையைக் காப்பதில் சமூகத்தின் பங்கு என்ன என்பதைப் பற்றி நூல்கள் பல எழுதப்படுகின்றன. அவற்றின் சாரம் இந்த ஒப்புமையில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பொறுப்பை மட்டும் கொடுத்து உரிமையைக் கொடாவிட்டால் காவல் நடவாது.

இது நம் நாட்டுக்குப் புதிய பாடமும் அன்று. வேடந்தாங்கலுக்கு அண்மையிலேயே உத்திரமேரூர் உள்ளது. அங்கே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. அத்தேர்தலால் அமைந்த குழுக்களுள் ஏரி வாரியம் ஒன்று. ஆறு உறுப்பினர் கொண்ட அவ்வாரியம் 360 நாள் பதவி வகித்து ஏரியின் பணிகளைக் கவனித்தது. ஏரிக்கென்று ஒரு குழு, அதற்குத் தேர்தல், அதற்குக் காலவரையறை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தார்கள்.

பழைமையைப் போற்றும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. அந்தக் குழுக்களில் எல்லோரும் இடம் பெறவில்லை. நிலமும் கல்வியும் உடையவர்களே தகுதி பெற்றார்கள். பிற்காலக் குடிமராமத்திலும் மண் சுமந்தவர்களுள் பலர் சொந்த நிலம் இல்லாதவர்கள். அவர்கள் தூர் வாரிய கால்வாயின் நீர் பிறர் வயலுக்கே பாய்ந்தது. இன்று நாம் ஊர்க்காவலை மீண்டும் உண்டாக்க விரும்பினால், பழைய முறையை அப்படியே எடுத்துக் கொள்ள முடியாது. மீன் பிடிப்பவர், கோரை அறுப்பவர், ஆடு மாடு மேய்ப்பவர், துணி வெளுப்பவர் ஆகிய அனைவருக்கும் ஏரியில் உள்ள பங்கை ஒப்புக்கொள்ளும் காவலாக அது இருக்க வேண்டும்.

வேடந்தாங்கல் போன்ற ஊர் அது ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம் என்னும் ஊர் உண்டு. அங்கே பறவைகள் குளத்து மரங்களோடு நிற்பதில்லை. ஊருக்குள் புகுந்து தெருவோரத்து வேம்பிலும் புளியிலும் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்தால் ஊரார் அதை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பது வழக்கம். கூட்டுக்குக் கீழே எச்ச நாற்றம் வீசும்; மீன் துண்டுகள் முற்றத்தில் விழும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பறவை வந்தால் ஊருக்கு நன்மை வரும் என்று நம்புகிறார்கள். கோடையில் குளத்தின் எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு எருவாகிறது. இக்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அமைந்தது. அதன் அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. ஐப்பசியில் கூடு கட்ட வரும் பறவைகள் ஓசைக்கு அஞ்சி ஓடிவிடும் என்பதே காரணம். ஓர் ஊரின் சிறுவர் அனைவரும், பக்கத்து ஊர் வானத்தில் வாணம் பூப்பதைப் பார்த்துக்கொண்டே, தம் கையில் மத்தாப்பு மட்டும் போதும் என்று இருப்பது எளிய செயல் அன்று. அதை எந்த அதிகாரியும் ஆணையிட்டுச் செய்விக்கவில்லை.

இம்மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊர்க்காவலின் இலக்கணம் புலப்படும். முதலாவது, காப்பவருக்கு அதில் ஒரு பயன் இருக்கிறது; எரு அல்லது நல்வரவு என்னும் நம்பிக்கை. இரண்டாவது, செய்யத்தகாதவை எவை என்பது குழந்தைக்கும் தெரிகிறது. சுடாதே, வெடிக்காதே, மரத்தை வெட்டாதே. மூன்றாவது, காவல் என்பது தனி ஒருவர் வேலை அன்று. கரையில் நடப்பவர், மாடு மேய்ப்பவர், பள்ளிக்குச் செல்பவர் எல்லாருமே காவலர். வெளியூர்க்காரன் ஒருவன் வலையோடு வந்தால் ஊர் அறியாமல் அவன் ஏரியை நெருங்க முடியாது. எவ்வளவு ஊதியம் கொடுத்தாலும் இத்தனை கண்களை அரசால் நியமிக்க இயலுமா?

ஆயினும் ஊர்க்காவல் மட்டுமே போதும் என்று சொல்லிவிட முடியாது. அதன் எல்லையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பறவை கூடு கட்டும் ஏரி ஒன்று. அது இரை தேடும் ஏரிகள் பல. வேடந்தாங்கலில் கூடியுள்ள அத்தனை பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் 74 ஏக்கர் நீர் உணவளிக்க முடியாது. காலையில் அவை பல திசைகளிலும் பறந்து சென்று பக்கத்து ஊர்களின் ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடித் திரும்புகின்றன. அருகிலுள்ள கரிக்கிலி ஏரியைப் பாருங்கள். அங்கே ஆழம் குறைவு. ஆதலால் வாத்துகளும் கரையோரம் நடக்கும் உள்ளான்களும் அங்கே மிகுதி. வேடந்தாங்கல் கூட்டுக்கு, கரிக்கிலி மேய்ச்சலுக்கு என்று இயற்கையே பிரித்து வைத்தது போல் இருக்கிறது. இவ்விரண்டு ஏரிகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இவற்றைச் சுற்றிக் கிடக்கும் பெயர் தெரியாத பல ஏரிகள் அவ்வளவு பேறு பெற்றவை அல்ல. அவற்றின் எதிர்க்கரை சுருங்கினால், வரத்துக்கால் அடைபட்டால், ஆகாயத்தாமரை படர்ந்து நீரை மூடினால், வேடந்தாங்கல் மரத்தில் இருக்கும் குஞ்சு பசியால் மடியும். அந்தச் சாவுக்குக் காரணமான இடம் பத்து மைலுக்கு அப்பால் இருக்கும்.

இதனை உணர்ந்தே வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதும் 1998இல் சரணாலய எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. 1936ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக ஏற்கப்பட்ட ஏரிதான் அது. எனினும் ஏரியை மட்டும் காத்தால் போதாது என்பதை அரசு இவ்வாறு ஒப்புக்கொண்டது. இந்த ஐந்து கிலோமீட்டரை மூன்றாகச் சுருக்கலாம் என்ற முன்மொழிவு 2020இல் எழுந்தபோது, பறவை ஆர்வலரும் பொதுமக்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பது ஒரு விரல் அகலம்தான். அந்த விரல் அகலத்துக்குள் எத்தனை சிற்றேரிகளும் வரத்துக்கால்களும் வயல்களும் அடங்கியிருக்கின்றன என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

மற்றோர் இடரும் உண்டு. அது இன்னும் ஆழமானது. பழைய காவலின் வேர் ஏரிப் பாசனத்தில் இருந்தது. ஏரி நிறைந்தால் வயல் விளையும், வயல் விளைந்தால் வீடு நிறையும் என்ற நிலையில் ஏரியைக் காப்பது தன்னைக் காப்பதாயிற்று. இன்று உழவனுக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. கடையில் உரமூட்டை கிடைக்கிறது. அடுத்த தலைமுறையோ வயலையே விட்டு நகரத்து வேலைக்குச் செல்கிறது. மதகைத் திறந்து மூடி வயலுக்கு முறைப்படி நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி என்னும் பணியாளரும் பல ஊர்களில் இன்று இல்லை. ஏரியின் எருவும் நீரும் தேவைப்படாத நாள் வந்தபிறகு, பறவையைக் காக்கும் வழக்கம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? அன்பை மட்டும் பற்றி நிற்குமா? நின்றால் எத்தனை காலம் நிற்கும்? நம் காலத்தின் உண்மையான கேள்வி இதுதான்.

இதற்கு விடை இரண்டு வழியாக வர வேண்டும். ஒன்று, ஏரியின் பயனைப் புதிய முறையில் மக்களுக்கு நினைவூட்டுவது. ஆழ்துளைக் கிணற்றில் ஊறும் நீரும் ஏரியில் தேங்கிய நீர் மண்ணுள் இறங்கியதே. பெருமழையை ஏந்தி வெள்ளத்தைத் தணிப்பதும் ஏரியே. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வெள்ளம் சூழ்ந்தபோது, ஏரிகள் இருந்த இடத்தில் வீடுகள் இருந்தால் நீர் எங்கே போகும் என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டார்கள். பறவைக்கு மேய்ச்சல் தரும் அதே சரிந்த விளிம்புதான் வெள்ளத்துக்கும் இடம் தருகிறது. ஆகவே பறவையின் வீட்டைக் காப்பவன் தன் வீட்டையும் காக்கிறான் என்று சொல்வது அணியன்று, உண்மை.

மற்றொன்று, சட்டமும் ஊரும் கை கோத்து நிற்பது. ஏரிகளை அளந்து எல்லைக் கல் நடவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1982இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் ஆகிய மூன்றும் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றன. இவை பெருமைக்கு உரியவை. ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதும், இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊர் ஒதுங்கிவிட்டால், பெற்றதைவிட இழந்தது மிகுதியாகும். வேலி போட்டு ஊராரை வெளியே நிறுத்தும் காவல், இருநூறு ஆண்டுக் காவலர்களையே அயலாராக்கிவிடும்.

ஏரியைச் சீர்திருத்துவதாக எண்ணிச் செய்யும் சில பணிகளிலும் எச்சரிக்கை தேவை. தூர் வாருவது நல்லதே. ஆனால் விளிம்பின் சரிவையும் வெட்டி, ஏரி முழுவதையும் ஒரே ஆழமாக்கிவிட்டால் காலூன்றி நடக்கும் பறவைக்கு இடமில்லாது போகும். ஏரிக்குள் வளர்ந்த கருவேல மரங்களைக் கூடு இருக்கும் பருவத்தில் வெட்டினால், ஓராண்டுத் தலைமுறையே அழியும். வெட்டித்தான் ஆக வேண்டுமானால் குஞ்சுகள் பறந்த பின்னர், சில மரங்களை விட்டு வெட்ட வேண்டும். கரையைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் அமைப்பது நகர மக்களுக்கு இன்பம் தரலாம். இரவெல்லாம் ஒளி வீசும் கரையில் பறவைக்கு உறக்கம் ஏது? ஒரு பக்கத்தையாவது கோரைக்கும் சேற்றுக்கும் இருளுக்கும் விட்டுவைப்பது அறிவுடைமை.

மாணவர்களாகிய நீங்கள் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எழும். பெரிய செல்வமோ பதவியோ இதற்கு வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஏரிக்கு எங்கிருந்து நீர் வருகிறது, எங்கே போகிறது என்பதை ஒரு நாள் நடந்து சென்று பார்த்து, படம் வரைந்து வையுங்கள். வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பது அப்படத்திலேயே தெரிந்துவிடும். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரே இடத்தில் நின்று, எந்தப் பறவை எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். ஓராண்டுக் கணக்கு ஒரு செய்தி. பத்தாண்டுக் கணக்கு ஒரு சான்று. ஏரி சுருங்கிவிட்டது என்று வெறும் வாயால் சொன்னால் எவரும் மறுக்கலாம். பத்தாண்டுக் குறிப்பேட்டைக் கிராம சபையில் எடுத்து வைத்தால் மறுப்பது கடினம்.

அதற்கும் மேலாக ஒன்று உண்டு. உங்கள் ஊரின் பெரியோரிடம், ஏரியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த மடு கோடையிலும் வற்றாது, கலங்கல் கடைசியாக எப்போது வழிந்தது என்னும் செய்திகள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதி வைக்காவிட்டால் ஏரி இருந்தும் அதன் வரலாறு போய்விடும்.

வேடந்தாங்கல் உழவர்கள் கலெக்டரிடம் தமக்கென்று சலுகை எதுவும் கேட்கவில்லை. தம் ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பைக் கேட்டார்கள். அந்தக் கவுலின் பயனை அவர்கள் வயல் மட்டுமன்றி இந்த நாடே இன்று அனுபவிக்கிறது. அவர்களுக்கு அப்போது ஈரநிலம் என்ற சொல்லோ, உலக உடன்படிக்கையோ தெரியாது. தம் ஏரி எது, அதற்கு யார் யார் உறவு என்பது தெரியும். அந்த அறிவு ஓர் ஊரோடு நில்லாமல், இரை தேடிப் பறக்கும் நாரை செல்லும் வழியிலுள்ள ஊர்கள் அனைத்துக்கும் பரவ வேண்டும். உங்கள் ஊர் ஏரியின் எதிர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சென்று பாருங்கள். அந்த வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.